கோட்டு போட்ட முனுசாமி

பிரபு,

ஞாயிற்றுக்கிழமை காலை, கடை திறக்கும் நேரத்துக்கு ஏழுமலை அண்ணன் தன் மனைவியையும் தங்கை தேசம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்து, மேகலாவை உனக்குக் கொடுக்கச் சம்மதம் என்று சொல்லிவிட்டுப் போனார். போனில் உன்னிடம் அதை மட்டும் சொன்னேன். நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். அழுகிறாயா சிரிக்கிறாயா என்று எனக்குப் பிடிபடவில்லை. என்ன பேசினோம், எதற்கெல்லாம் தலையாட்டினோம் என்பது போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை. வாய்ப்பேச்சை நம்பிச் சரக்குக் கொடுத்தவன் பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருவான் என்பது என் அனுபவம். அதனால் எழுதுகிறேன். இதை நீ ஒருவன் மட்டும் படித்துவிட்டு மடித்து வைக்க வேண்டாம். பிள்ளை ஏதோ புரியாத படிப்பு படிக்கிறான் என்று என் கடையில் வந்து புலம்புகிற தாய் தகப்பன்மார் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கும் காட்டு. எனக்கு வெட்கமில்லை.

உன் வேலை என்னவென்று மற்றவருக்குச் சொல்ல நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. கும்மிடிப்பூண்டி கடைத்தெருவில் பிள்ளைகளின் வேலையை ஒரே வார்த்தையில் சொல்வார்கள். ஃபிட்டர், வெல்டர், சூப்பர்வைசர், நர்ஸ். நான் மட்டும் "படங்களைப் பத்தி ஆராய்ச்சி பண்றான்" என்று இழுப்பேன். "சினிமாவா?" என்று கேட்பார்கள். "இல்ல, சுவத்துல மாட்டற படம்" என்றால், "அதான் நீயே மாட்டிக்கினு கீறியே, அதுக்கு எதுக்கு டெல்லி வரைக்கும் போய்ப் படிச்சான்?" என்பார்கள். நியாயமான கேள்விதான். என்னிடமும் பதில் இல்லாமல்தான் இருந்தது. கடைசியில் எல்லோரிடமும் "காலேஜ் வாத்தியார்" என்று சொல்லி முடித்துக்கொண்டேன். சம்பளம் வருகிற வேலை என்று அவர்களுக்கு விளங்கினால் போதும் என்று நினைத்தேன். மேகலா வீட்டிலும் அப்படித்தான் சொல்லியிருந்தேன். அந்தப் பெண்தான் தன் அப்பாவிடம், "இல்ல நைனா, படத்தப் பாத்து அது எப்டி வந்துச்சு, யாருக்காக வந்துச்சுன்னு சொல்ற வேலை" என்று திருத்திச் சொல்லியிருக்கிறாள். அவள் அப்படித் திருத்தாமல் இருந்திருந்தால் பெண் பார்க்கப் போன அன்று வந்த வினை வந்திருக்காது. இந்தச் சந்தோஷமும் வந்திருக்காது.

நம் தொழிலைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். ஊத்துக்கோட்டைச் சந்தையில் சாக்கு விரித்து முருகன் படமும் லட்சுமி படமும் விற்றவள் நான். தொழிற்பேட்டையில் கம்பெனிகள் பெருகிக்கொண்டிருந்த நேரத்தில், கம்பெனி என்றால் ஆயுத பூஜை, ஆயுத பூஜை என்றால் படம் என்று கணக்குப் போட்டுக் கும்மிடிப்பூண்டியில் கடை பிடித்தேன். ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆட்கள் வந்தபோது மற்ற கடைக்காரர்கள் அவர்களுக்கு பீடியும் ரீசார்ஜும் விற்றார்கள். நான் ஜகந்நாதரையும் விஸ்வகர்மாவையும் வரவழைத்து முன்னால் தொங்கவிட்டேன். ஊரை விட்டு வந்தவனுக்கு முதலில் தேவைப்படுவது தன் சாமியின் முகம். அதை இன்றைக்கும் தைரியமாகச் சொல்வேன். உன் அப்பா கண்ணாடி வெட்டுவார், சட்டம் அடிப்பார், பேச மாட்டார். பேசுகிற வேலை முழுக்க என்னுடையது.

ஆனால் கடையைத் தூக்கி நிறுத்தியது சாமி இல்லை, செத்தவர்கள். காரியத்துக்கு முன்னால் படம் வேண்டும் என்று வருவார்கள். கையில் ஆதார் அட்டை இருக்கும். இல்லையென்றால் கல்யாண வீடியோவில் எங்கேயோ ஓரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஒரு முகம் இருக்கும். அந்த முகத்தை எடுத்து நான் ஒரு உடம்பில் வைக்க வேண்டும். நம் கம்ப்யூட்டரில் உடம்புகளுக்கென்று தனி இடமே உண்டு. கருப்புக் கோட்டு, நீலக் கோட்டு, வெள்ளைச் சட்டையும் அங்கவஸ்திரமும், பெண்களுக்கு அரக்குப் பட்டு, பச்சைப் பட்டு. வாழ்நாள் முழுக்கச் சட்டையே போடாமல் ஏர் ஓட்டினவருக்கு மகன்கள் நீலக் கோட்டு கேட்பார்கள். ஒரு பெண் தன் தாயின் படத்தைக் காட்டி, "எம்மா, காதுல கம்மல் போட்டுடு. உசுரோட இருக்கசொல்ல அது அடகுக் கடையிலயே இருந்துச்சு" என்றாள். போட்டுக் கொடுத்தேன். எனக்கு அது பொய்யாகவும் தெரியவில்லை, புண்ணியமாகவும் தெரியவில்லை. ஆர்டர், அவ்வளவுதான்.

நீ லீவுக்கு வந்திருந்த ஒரு நாள், "கோட்டு கலரை யாரும்மா முடிவு பண்றாங்க?" என்று கேட்டாய். "சில பேரு அவங்களே சொல்வாங்க. சில பேரு என்னையே போடச் சொல்லிடுவாங்க" என்றேன். "நீ எதை வச்சு முடிவு பண்ணுவ?" என்று விடாமல் கேட்டாய். வியாபார நேரத்தில் எனக்கு எரிச்சலாக வந்தது. "முகம் கருப்பா இருந்தா நீலம் எடுப்பா இருக்கும், போடா அந்தாண்ட" என்றேன். நீ அதை எழுதிக்கொண்டாய். பிள்ளையை டெல்லிக்கு அனுப்பிப் படிக்க வைத்தால், திரும்பி வந்து என் வாயைப் பார்த்து எழுதுகிறானே என்று அன்றைக்கு உன் அப்பாவிடம் அலுத்துக்கொண்டேன். அவர் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல், "உன் வாயைப் பாத்து எழுதறதுன்னா நோட்டு பத்தாதே" என்றார்.

சென்னையில் ஒரு கருத்தரங்கில் பேசுகிறேன், வாம்மா என்று நீ கூப்பிட்டது நினைவிருக்கிறதா? கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். திரையில் நம் கடைப் படங்களைக் காட்டினாய். ஒரே கோட்டில் வேறு வேறு முகம். கூட்டம் சிரித்தது. எனக்குக் காது சுட்டது. எழுந்து போய்விடலாமா என்று தோன்றியது. நீ சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. சிரிப்பு அடங்கும் வரை சும்மா நின்றாய். அப்புறம், "இந்த உடம்பு ஒவ்வொண்ணும் வீட்ல இருந்த யாரோ ஒருத்தர் யோசிச்சுத் தேர்ந்தெடுத்தது. இவங்களுக்கு என்ன கொடுக்காம விட்டோம்னு நினைச்சாங்களோ, அதைத்தான் படத்துல கொடுத்திருக்காங்க" என்றாய். அதற்கு மேல் நீ பேசிய இங்கிலீஷ் எனக்கு எட்டவில்லை. ஆனால் இவன் இந்தப் படங்களைக் கேலி செய்து பிழைக்கவில்லை என்ற நிம்மதியோடு ரயில் ஏறினேன். அப்போதும் பயம் முழுக்கப் போய்விடவில்லை. நல்ல எண்ணம் வேறு, அதற்கு ஒரு பயன் இருப்பது வேறு. உன் படிப்பால் யாருக்கு என்ன ஆகும் என்ற கேள்வி உள்ளே கிடந்து அரித்துக்கொண்டேதான் இருந்தது.

மேகலா விஷயத்துக்கு வருகிறேன். வார்ப்புக் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிற பெண், கம்பெனி பூஜைப் படத்தை எடுக்க வந்து, "கண்ணாடில குமிழ் கீது ஆண்ட்டி" என்று என் முகத்துக்கு நேரே சொன்னாளே, அன்றைக்கே அவளைப் பிடித்துவிட்டது எனக்கு. உனக்கு எப்போது பிடித்தது என்று நான் கேட்கவில்லை. நீங்கள் இருவரும் வீட்டில் சொன்னபோது நான் ஒரு தடையும் சொல்லவில்லை. அவள் அப்பா ஏழுமலை உருக்காலையில் கிரேன் ஓட்டுகிறவர், முன்கோபி, மகளை உயிராக நினைக்கிறவர். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், நைனா மனதை மீறி வர மாட்டேன் என்று மேகலா முன்னாலேயே தெளிவாகச் சொல்லிவிட்டாள். ஆக, எல்லாம் அந்த ஒரு மனிதரின் வாயில் இருந்தது.

பெண் பார்க்கப் போன அன்று, புதுவாயலைத் தாண்டி அவர்கள் ஊருக்கு ஷேர் ஆட்டோவில் போய் இறங்கி நடந்தோம். புது வீடு, கூடத்தில் நேர் எதிரே பெரிய படம். சுற்றிலும் சீரியல் பல்பு ஓடிக்கொண்டிருந்தது. கருப்புக் கோட்டு, வட்ட மேஜை மேல் ஊன்றிய கை, விரலில் மோதிரம். ஏழுமலை உட்காரச் சொல்லும் முன்பே அதைக் காட்டினார்.

"எங்க நைனா. முனுசாமி. இந்த ஊர்ல மொத மொத கோட்டு போட்டவரு. அந்தக் காலத்துல நாங்கள்லாம் ரோட்ல செருப்பு போட்டுக்கினு நடந்தாலே இன்னாடா திமிரான்னு கேப்பானுங்க. அப்பவே கோட்டு!"

பிரபு, நீ வாசற்படி தாண்டும் முன்பே நான் பார்த்துவிட்டேன். படம் என்றால் என் கண் முதலில் கழுத்துக்குத்தான் போகும். அந்தக் கோட்டை எனக்கு நன்றாகத் தெரியும். கம்ப்யூட்டர் வரும் முன்பு ஸ்டூடியோக்காரர்கள் கத்தரியும் பசையும் தூரிகையும் வைத்துச் செய்த காலத்து உடம்பு அது. அதே மேஜை, அதே மோதிரம். கண்ணாடி மாற்ற வந்த பல வீட்டுப் படங்களில் அந்தக் கோட்டுக்காரரைச் சந்தித்திருக்கிறேன்; தலை மட்டும் வேறாக இருக்கும். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. உன் அப்பாவின் தொடையில் கிள்ளினேன், அவரும் வாயைத் திறக்கக் கூடாதென்று. கிள்ள வேண்டியது உன்னை. நீ நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, மூக்கு கண்ணாடியில் இடிக்கும்படி பார்த்துக்கொண்டிருந்தாய்.

"இன்னா மாப்ள, படத்தையே பாத்துக்கினு கீற? இதானே உன் வேலை. சொல்லு, எங்க நைனா எப்டி கீறாரு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார் அந்த மனிதர்.

நீ இறங்கி நின்று, பரீட்சையில் கேள்வி வந்ததைப் போலப் பதில் சொன்னாய். "தலை மட்டும்தான் தாத்தாவோடது மாமா. உடம்பு வேற."

கூடத்தில் சீரியல் பல்பு மட்டும் ஓடியது. அவர் தங்கை தேசம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "அப்போ இத்தினி வருஷமா எவன் உடம்புக்கோவா நாங்க மாலை போட்டுக்கினு கீறோம்?" ஏழுமலை எழுந்தார். "காபி குடிச்சாச்சு இல்ல? கெளம்புங்க" என்றார். காபி இன்னும் வரவே இல்லை.

திரும்பும் வழியில் ஆட்டோவில் நான் உன்னைத் திட்டியதை எல்லாம் இங்கே எழுத முடியாது. எழுதக்கூடியது மட்டும்: "கேட்டாருன்னா சொல்லிடுவியா? அறிவு வாணாம்?"

"பொய் சொல்லச் சொல்றியாம்மா?"

"எவன்டா பொய் சொல்லச் சொன்னான்? 'அருமையா கீது மாமா'ன்னா அது பொய்யா? அருமையாத்தானே கீது!"

உன் அப்பா முன் சீட்டிலிருந்து, "ஃப்ரேமு நல்லா கீதுன்னாவது சொல்லியிருக்கலாம்" என்றார். ஆட்டோக்காரர் சிரித்துவிட்டார். நீ சிரிக்கவில்லை. "அவர் கேட்டது என் வேலையைப் பத்திம்மா. அங்க மழுப்பினேன்னா நான் படிச்சதுக்கு என்ன அர்த்தம்?" என்றாய். எனக்கு வந்த ஆத்திரத்தில், "அர்த்தத்தைக் கட்டிக்கினு அழு, மேகலாவைக் கட்ட முடியாது" என்றேன். அது உன்னைக் குத்தியது என்று தெரியும். ஆனால் அன்றைக்கு எனக்கு அதுதான் உண்மையாகப் பட்டது.

மறுநாளே மேகலாவின் போன். நைனா படத்தைக் கழற்றிச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டார், பல்பைப் பிடுங்கிவிட்டார், சரியாகச் சாப்பிடவில்லை, அந்தப் பையன் பேச்சையே எடுக்காதே என்கிறார். அழாமல்தான் சொன்னாள். அழுதிருந்தால் ஏதாவது ஆறுதல் சொல்லியிருப்பேன். எனக்கு அந்த மனிதரின் வலி புரிந்தது. ஊர்ப் பஞ்சாயத்தில், கம்பெனியில், மேல் தெருக்காரனோடு சண்டையில், எங்கேயும் அவர் "என் அப்பன் கோட்டு போட்டவன்" என்று சொல்லித்தான் நிமிர்ந்து நின்றிருக்கிறார். அந்தப் படத்தை மாட்டுவதற்காகவே கூடத்துச் சுவரை உயர்த்திக் கட்டியதாக அவரே வாசலில் சொன்னார். அதில் போய் நாம் கை வைத்துவிட்டோம்.

அந்த வாரக் கடைசியில் அவர் நம் கடைக்கு வந்த காலையை நீ எப்படி நினைவில் வைத்திருக்கிறாயோ தெரியாது. நான் பார்த்ததைச் சொல்கிறேன். நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனிச் சட்டையோடு, போர்வையில் சுற்றிய படத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு படி ஏறினார். நீ உள்ளே இருந்தாய். அவர் உன்னைத் தேடவில்லை. படத்தை என் மேஜை மேல் வைத்துவிட்டு, "தங்கச்சி, நீ யாவாரி. உனக்குத் தெரியும். உன் புள்ள சொன்னது நெசமா?" என்று கேட்டார்.

ஒரு வார்த்தை போதும், பிரபு. "சின்னப் பையன், தெரியாம உளறிட்டான் அண்ணே" என்றால் அவர் அதைப் பிடித்துக்கொள்ளத் தயாராக வந்திருந்தார், முகத்தில் தெரிந்தது. சரக்கு விற்க இதைவிடப் பெரிய வார்த்தைகளைக் கூசாமல் சொன்னவள் நான். தொண்டை வரை வந்துவிட்டது. அப்போது நீ கையைத் துடைத்துக்கொண்டே உள்ளேயிருந்து வந்து நின்றாய். உன் முகத்தைப் பார்த்தேன். நான் அதைச் சொன்னால் கல்யாணம் நடக்கும். ஆனால் இவன் இனி எந்தப் படத்தைப் பற்றி எதைப் பேசினாலும் தன் அம்மாவே தன்னை உளறுகிறவன் என்று சொன்னது இவனுக்குள் கேட்கும் என்று தோன்றியது. "அவன்கிட்டயே கேளுங்க அண்ணே. அவன் சோறு அதுலதான்" என்றேன்.

நீ அன்றைக்கு முதல் தடவை செய்த தவறைச் செய்யவில்லை. "பாக்கலாமா மாமா? உங்களுக்கு வேணாம்னா விட்டுடலாம்" என்று கேட்டாய். அவர் தலையசைத்த பிறகுதான் போர்வையைப் பிரித்தாய். கண்ணாடியைக் கழற்றி, படத்தை வாசல் வெளிச்சத்தில் வைத்தாய். "கோட்டுல வெளிச்சம் ஒரு பக்கமா விழுது, பாருங்க. ஜன்னலோரம் வச்ச மாதிரி. முகத்துல அப்படி இல்ல. மூக்கு நிழல் நேரா ஒதட்டு மேல விழுது. கண்ணு சுருங்கியிருக்கு." உன் அப்பாவிடம் முகம் பார்க்கிற கண்ணாடி ஒன்று வாங்கி ஏழுமலை அண்ணன் கையில் கொடுத்தாய். உன் போன் டார்ச்சை அவர் தலைக்கு மேலே பிடித்தாய். அவர் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். அதே நிழல், அதே சுருக்கம். கண்ணாடியைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடியும் கண்ணாடியைப் பார்த்தார். "அய்ய, நைனா மூஞ்சி" என்றார் மெதுவாக. தன் முகத்தில் தகப்பன் இருக்கிறான் என்று அவருக்கு அதுவரை யாரும் காட்டவில்லை போலிருக்கிறது.

"உச்சி வெயில்ல, வெளில நிக்கசொல்ல எடுத்த முகம் மாமா இது" என்றாய். பதற்றத்தில் உனக்கும் நம் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது, நல்லதாகப் போயிற்று. "இந்தக் காதுக்குப் பின்னாடி ஒரு வெள்ளைத் துணி ஓரம் தெரியுது, பாருங்க. அது கோட்டைச் சேந்தது இல்ல. பக்கத்துல நின்ன வேற யாரோட தலைப்பாகையோ. மேல மை தடவி மறைச்சிருக்காங்க. கும்பலா நின்ன போட்டோலேந்து இவரை மட்டும் வெட்டி எடுத்திருக்காங்க."

ஏழுமலை அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "ரைஸ் மில்லு போட்டோ" என்றார்.

அவர் சொன்னதை நீயும் கேட்டாய். ஆனாலும் எழுதுகிறேன், மற்றவர்கள் தெரிந்துகொள்ளட்டும். முனுசாமி மில்லில் மூட்டை சுமந்தவர். மில் முதலாளி வீட்டு விசேஷத்தில் எல்லோரையும் நிறுத்தி ஒரு போட்டோ எடுத்திருக்கிறார்கள். முன்னால் நாற்காலியில் முதலாளி குடும்பம், கடைசி வரிசை ஓரத்தில் மூட்டை தூக்குகிறவர்கள். முனுசாமி செத்த பிறகு வீட்டில் இருந்தது அது ஒன்றுதான். அதில் அவர் இருந்த இடத்தில் ஓட்டை. எலி கடித்துவிட்டது என்று தாய் கன்னியம்மா பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறாள். கொஞ்ச காலம் கழித்து, திருவள்ளூருக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று கிளம்பிப் போனவள், துணியில் சுற்றி இந்தப் படத்தைக் கொண்டு வந்தாளாம். "உங்க நைனா முன்னாடியே எடுத்து வச்சது, ஸ்டூடியோவுலயே கெடந்துச்சு" என்றாளாம். பிள்ளைகள் நம்பிவிட்டார்கள். அவளும் சாகும் வரை வேறு கதை சொல்லவில்லை.

"எலியாம்" என்றார் ஏழுமலை. "ரௌண்டா ஒரு ஓட்டை. எந்த எலிடா ரௌண்டா கடிக்கும்? நானும் பாத்துக்கினே இருந்தேனே அத!" சிரித்தார். சிரித்துக்கொண்டே முகத்தைக் கம்பெனிச் சட்டையின் கையில் துடைத்தார். "அப்போ எங்க நைனா கோட்டு போடல."

"போடல மாமா."

"எங்கம்மா போட்டுட்டா."

"ஆமா மாமா. அந்தக் கடைசி வரிசைலேந்து அவரைக் கூட்டினு வந்து, மேஜை போட்டு, கோட்டு போட்டு நிக்க வச்சது அவங்கதான்."

"அந்த போட்டோ எங்க மாமா?" என்று அடுத்த நொடியே நீ ஆவலாகக் கேட்டாய், ஆராய்ச்சிக்காரப் புத்தி போகுமா? பழைய வீட்டை இடித்தபோது குப்பையோடு போய்விட்டது என்றார். உன் முகம் வாடியதைப் பார்த்து அவரே, "வுடு மாப்ள, அதுல ஓட்டைதானே கீது" என்று தேற்றினார். மாப்ள என்று அவர் சொன்னதை நான் கவனித்தேன். நீ கவனித்தாயா? படத்தை விட்டுவிட்டுப் போனார், ஆனால் முடிவு எதுவும் சொல்லவில்லை. நீ வேலைக்குத் திரும்பிப் போன நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் இறங்கியது. அன்றைக்கு நான் தின்றதைப் பார்த்து உன் அப்பா, "கல்யாணச் சாப்பாட்டுக்கு மிச்சம் வை" என்றார்.

உனக்குப் புத்தி சொல்லும் வயதை நீ தாண்டிவிட்டாய், ஆனாலும் சொல்கிறேன், கேட்காமல் சொல்வது தாய்க்குப் பழக்கம். மயிரிழையில் தப்பித்திருக்கிறோம், அதை மறக்காதே. முதல் நாள் நீ சொன்னதும் உண்மை, பிறகு சொன்னதும் உண்மை. முதல் நாள் பாதியில் நிறுத்தினாய். உடம்பு வேறு என்று சொல்லிவிட்டு, அந்த உடம்பை யார் கொடுத்தார்கள் என்று சொல்லாமல் இறங்கிவிட்டாய். ஒருவர் வீட்டுச் சுவரில் கை வைத்தால் பாதியில் இறங்காதே. முழுவதும் தெரியவில்லை என்றால், "இன்னும் பாக்கணும் மாமா" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடி. உன்னிடம் படிக்கிற பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடு. மேகலாவிடமும் அப்படியே இரு. அவள் கம்பெனியில் விரிசல் கண்டுபிடிக்கிறவள், நீ படத்தில் ஒட்டு கண்டுபிடிக்கிறவன். வீட்டுக்கு வந்தும் இரண்டு பேரும் அதே கண்ணோடு ஒருவரையொருவர் பார்த்தால் குடும்பம் தாங்காது. நல்லதையும் கண்டுபிடித்துச் சொல்லுங்கள், சத்தமாகச் சொல்லுங்கள்.

உன் படிப்பால் யாருக்கு என்ன ஆகும் என்று அரித்துக்கொண்டிருந்தது இப்போது நின்றுவிட்டது. ஒரு மனிதருக்கு அவர் அம்மா திரும்பக் கிடைத்தாள். இதற்கு மேல் ஒரு படிப்பு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. இனி யாராவது கேட்டால் "வாத்தியார்" என்று மழுப்ப மாட்டேன்.

இனி பேசி முடித்ததைச் சொல்கிறேன். நகை இவ்வளவு, சீர் இவ்வளவு என்று நாம் எதுவும் கேட்கவில்லை, அவர்களும் பேசவில்லை. மண்டபம் புதுவாயலில், வாடகை அவர்களுடையது. சாப்பாடும் பந்தலும் நம்முடையது. தாலி நாம் செய்கிறோம். மேகலா வேலையை விடமாட்டாள். நீ வேலை பார்க்கிற ஊரில் அவளுக்கு வேறு வேலை கிடைக்கும் வரை இங்கே நம் வீட்டிலிருந்து போய் வருவாள், அதற்குள் அங்கே வந்து இருந்துவிடு என்று அவளை நீ நெருக்கக் கூடாது. வரவேற்புக்கு நீ கோட்டு போட வேண்டும் என்று தேசம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "வாடகைக் கோட்டு வாணாம், அளவெடுத்துத் தைக்கணும். எங்க ஊட்டு மாப்ள சொந்த உடம்புல போட்டுக்கினு வரட்டும்." ஒத்துக்கொண்டேன். முனுசாமி படத்துக்குப் புதுக் கண்ணாடி போட்டுத் தருகிறேன், கூலி கிடையாது. கழுத்தில் ஒட்டின இடத்தையும் கம்ப்யூட்டரில் சரி செய்து தரட்டுமா என்று கேட்டேன். ஏழுமலை அண்ணன் "கழுத்த தொடாத தங்கச்சி" என்றார், அதனால் தொடமாட்டேன். படம் பழையபடி கூடத்தில் அதே இடத்தில் மாட்டப்படும், பல்போடு. நீ எழுதிக்கொண்டிருக்கிற புத்தகத்தில் அந்தப் படத்தைப் போட்டுக்கொள்ள உனக்கு அனுமதி உண்டு. அதற்கு அவர் பணம் கேட்கவில்லை. இந்த மாதிரிப் படங்களுக்குக் கீழே 'செய்தவர் பெயர் தெரியவில்லை' என்றுதான் போடுவது வழக்கம் என்று மேகலா சொன்னாளாம்; அவர் வைத்த ஒரே நிபந்தனை, அப்படிப் போடக் கூடாது. 'செய்தவர்: கன்னியம்மா' என்று போட வேண்டும். உன் சார்பில் நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

அம்மா